இது யார் சொன்ன வாக்கியம்?

1857 ஜனவரி 29. பாரீஸில் சில்லறைத் திருட்டும் மோசடியும் விசாரிக்கிற ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் அன்றைக்கு ஒரு நாவல் மீது விசாரணை. எழுதியவர் குஸ்தாவ் ஃப்ளோபேர். வயது 35. அதற்கு முன் ஒரு புத்தகம்கூட வெளியிட்டதில்லை. நாவலின் பெயர் 'மதாம் பொவாரி'. பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் அவமதித்தது என்று குற்றச்சாட்டு. தொடராக வெளியிட்ட 'ரெவ்யூ த பாரீ' பத்திரிகையின் பொறுப்பாளரும் அச்சகக்காரரும் அவரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள்.

இதை ஆபாச வழக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் அந்த நாவலில் ஆபாசமான சொல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. சண்டையின் அடியில் கிடந்தது ஓர் இலக்கணச் சங்கதி. நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பாதி தெரிந்த சங்கதிதான்.

'நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக' என்று தேர்வில் வருமே, ஞாபகம் இருக்கிறதா? "எனக்கு இன்று லீவு கிடைக்கும்" என்று முத்து நினைத்தான். இது நேர்கூற்று. தனக்கு அன்று லீவு கிடைக்கும் என்று முத்து நினைத்தான். இது அயற்கூற்று. 'எனக்கு' போய் 'தனக்கு' வரும், 'இன்று' போய் 'அன்று' வரும், மேற்கோள் குறி போய்விடும். மதிப்பெண் கிடைத்துவிடும். இரண்டிலும் மாறாமல் நிற்பது 'என்று' என்கிற சொல். அதுதான் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் முத்து, இந்தப் பக்கம் கதை சொல்கிறவர்.

இப்போது இதைப் படியுங்கள்:

முத்து பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்தான். இன்றைக்கு எப்படியும் லீவு கிடைத்துவிடும். கிடைக்காமல் எங்கே போகும்? மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை பார்த்திருக்கிறான். மேனேஜர் நல்ல மனுஷர்.

'என்று நினைத்தான்' எங்கேயும் இல்லை. மேற்கோள் குறியும் இல்லை. ஆனாலும் 'லீவு கிடைத்துவிடும்' என்பது கதாசிரியர் தருகிற உறுதிமொழி இல்லை, முத்துவின் நம்பிக்கை என்று நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? 'இன்றைக்கு' என்ற சொல் முத்துவுடையது. கதை சொல்கிறவராக இருந்தால் 'அன்றைக்கு' என்றிருப்பார். 'எங்கே போகும்?' என்று கேட்கிற தொனி முத்துவுடையது. ஆனால் 'பார்த்திருக்கிறான்' என்கிற படர்க்கை கதை சொல்கிறவருடையது. முத்துவே பேசினால் 'பார்த்திருக்கிறேன்' என்றல்லவா வரும்? ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். குரல் ஒருவருடையது, இலக்கணம் இன்னொருவருடையது.

இதற்கு 1912இல் ஷார்ல் பாய்யி என்ற சுவிஸ் மொழியியலாளர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'கட்டற்ற அயற்கூற்று' என்று சொல்லலாம். 'என்று' என்கிற கட்டிலிருந்து அவிழ்த்துவிட்ட அயற்கூற்று. உத்தி பெயரைவிட மிகப் பழையது. இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் இதை அநாயாசமாகக் கையாண்டிருக்கிறார். ஆனால் ஒரு நாவலின் அடித்தளமாகவே இதைப் போட்டு, அதற்காகக் கோர்ட் படியும் ஏறியவர் ஃப்ளோபேர்.

இந்த உத்தியின் குறும்பு எங்கே இருக்கிறது என்றால், அடுத்த வரியில். மேலே இருக்கிற பத்தியை நான் இப்படித் தொடர்கிறேன் என்று வையுங்கள்: 'மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.' அவ்வளவுதான். நல்ல மனுஷர் என்பதை யாரும் மறுக்கவில்லை, முத்து ஏமாந்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. வாசகருக்குப் புரிந்துவிடும். ஆனால் யாரோ ஒருவர் 'மேனேஜர் நல்ல மனுஷர்' என்ற வரியை மட்டும் வெட்டியெடுத்து, 'பாருங்கள், எழுத்தாளர் நிர்வாகத்துக்கு ஜால்ரா போடுகிறார்' என்றால்? அந்த வரி பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. எழுத்தாளர் மாட்டிக்கொள்வார்.

சரி, நாவலுக்கு வருவோம். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நார்மண்டியில் ஒரு பண்ணைக்காரரின் மகள் எம்மா. கன்னிமாடத்தில் படித்தவள், காதல் கதைகளை ஒளித்துவைத்துப் படித்தவள். ஷார்ல் பொவாரி என்ற சாதுவான மனிதருக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவர் முழு டாக்டர்கூட இல்லை. கீழ்நிலைத் தகுதி மட்டும் பெற்ற கிராமத்து வைத்தியர். புத்தகத்தில் படித்த பரவசம் கல்யாணத்தில் கிடைக்கவில்லை. முதலில் ரொதோல்ஃப் என்ற நிலப்பிரபு, அப்புறம் லெயோன் என்ற வக்கீல் குமாஸ்தா. இடையில் ஒரு துணி வியாபாரி ஆசைகாட்டிக் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். பிராமிசரி நோட்டுகள் குவிகின்றன, ஜப்தி வருகிறது, எம்மா ஆர்செனிக் தின்று சாகிறாள். (கள்ளக்காதல் கொன்றதா, கடன் கொன்றதா என்று கேட்டால், கடன் என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பக்கங்களை ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதியிருக்கிறார்.)

இதை எழுத ஃப்ளோபேருக்கு 1851 செப்டம்பரிலிருந்து 1856 வசந்தகாலம்வரை ஆனது. ரூவான் நகருக்கு அருகே குருவாசே என்ற ஊரில், சேன் நதிக்கரை வீட்டில் உட்கார்ந்து எழுதினார். எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் படித்துப் பார்ப்பார். காதுக்கு இடறினால் திரும்ப எழுதுவார். எழுதுகிற காலத்தில் லூயிஸ் கோலே என்ற கவிஞருக்கு அவர் போட்ட கடிதங்கள் பிரபலமானவை. பிரபஞ்சத்தில் கடவுள் எப்படியோ, படைப்பில் ஆசிரியர் அப்படி இருக்க வேண்டும், எங்கும் இருக்க வேண்டும், எங்கும் தென்படக் கூடாது என்று 1852இல் அவருக்கு எழுதினார். கேட்க அழகான கொள்கை. அரசு வழக்கறிஞர் கையில் கிடைத்தால் ஆபத்தான கொள்கை.

அந்த வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார். எம்மா முதன்முதலாக ரொதோல்ஃபோடு இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் இடத்தை எடுத்தார். கண்ணாடி முன்னால் நிற்கிறாள். தன் கண்கள் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கறுப்பாக, இவ்வளவு ஆழமாக ஒருநாளும் இருந்ததில்லை என்று பார்க்கிறாள். அடுத்து வருவதைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்:

"எனக்கு ஒரு காதலன் இருக்கிறான்! காதலன்!" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். கடைசியில் அவளுக்கும் அது கிடைக்கப்போகிறது, அந்தக் காதலின் இன்பங்கள், இனி வராது என்று அவள் கைகழுவியிருந்த அந்த ஆனந்தக் காய்ச்சல். ஏதோ ஓர் அதிசயத்துக்குள் அவள் நுழைந்துகொண்டிருந்தாள். அங்கே எல்லாமே வேட்கையாக, பரவசமாக, பித்தாக இருக்கும்.

முதல் வாக்கியத்தில் மேற்கோள் குறியும் உண்டு, 'என்று'வும் உண்டு. அது எம்மா பேசியது, சந்தேகமில்லை. அடுத்த மூன்று வாக்கியங்களுக்கு வேலி இல்லை. 'அங்கே எல்லாமே பரவசமாக இருக்கும்' என்று உத்தரவாதம் தருவது யார்? எம்மாவா, ஃப்ளோபேரா?

பிரெஞ்சில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அங்கே நீடிக்கிற இறந்தகாலத்துக்கென்று ஒரு வினைவடிவம் உண்டு. மழை பெய்துகொண்டிருந்தது என்று வர்ணிப்பதும் அதே வடிவத்தில், அவள் மனதில் ஓடியதும் அதே வடிவத்தில் வரும். தையல் தெரியாது. தமிழில் கொண்டுவரும்போது நாம் 'நுழைந்துகொண்டிருந்தாள்' என்பதா, 'நுழைகிறாள்' என்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எதை எடுத்தாலும் வாக்கியம் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிடும். மேலே நான் செய்த பெயர்ப்பும் சாய்ந்ததுதான்.

பினார் இந்தப் பத்தியை வாசித்துவிட்டு, இது கள்ளக்காதலுக்குப் பாடிய துதி, அவள் நெறிதவறி விழுந்ததைவிட இதுதான் ஆபத்து, இதுதான் ஒழுக்கக்கேடு என்றார். இன்னொரு சொற்றொடரையும் பிடித்தார். எம்மா ரூவான் நாடக அரங்கில் ஓப்பரா பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆ, கல்யாணத்தின் கறைகளுக்கும் கள்ளக்காதலின் ஏமாற்றத்துக்கும் முன்னால், அந்த இளமையில், ஒரு நல்ல இதயத்தை நம்பி வாழ்க்கையை ஒப்படைத்திருந்தால்! இப்படி ஓடுகிறது அவள் நினைப்பு. பினாருக்கு இது தாங்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கல்யாணத்தின் ஏமாற்றம், கள்ளக்காதலின் கறை என்றுதானே எழுதியிருப்பார்கள், இவர் தலைகீழாக எழுதியிருக்கிறாரே என்றார்.

அந்த 'ஆ'வைக் கவனியுங்கள். கதை சொல்கிற குரல் பெருமூச்சு விடாது. அந்தப் பெருமூச்சு எம்மாவுடையது என்றால் கறையும் ஏமாற்றமும் அவள் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

பொதுவாக இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்து, 'பாவம் பினார், பாத்திரத்தின் பேச்சையும் ஆசிரியரின் பேச்சையும் பிரிக்கத் தெரியாதவர்' என்று சிரித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. விசாரணையின் குறிப்பு நமக்குக் கிடைக்கிறது. ஃப்ளோபேர் மணிக்கு 60 ஃப்ராங்க் கொடுத்து ஒரு சுருக்கெழுத்தாளரை அமர்த்தியிருந்தார். 1873 பதிப்பில் அதைச் சேர்த்தே வெளியிட்டார்கள். அதைப் பார்த்தால் துதி பாடுவது 'அவள்' என்றுதான் பினாரும் சொல்கிறார். குரல் எம்மாவுடையது என்று அவருக்குத் தெரிகிறது. அவருடைய உண்மையான புகார் வேறு: இந்தப் புத்தகத்தில் இவளைக் கண்டிக்கக்கூடியவர் யார்? ஒருவரும் இல்லை. கணவர் ஏமாளி. பாதிரியார் மந்தபுத்தி. மருந்துக்கடை ஓமே ஒரு வாய்ச்சவடால். ரொதோல்ஃபும் லெயோனும் சொல்லவே வேண்டாம். இவர்களில் யாரும் எம்மாவுக்கு நீதி சொல்லும் தகுதியில் இல்லை. கதை சொல்கிறவராவது சொல்லியிருக்கலாம். அவரோ எம்மாவின் வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார். பினார் கெட்டிக்கார வாசகர். அவருக்குப் பிடிக்காததை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார்.

எதிர்த்தரப்பில் ஃப்ளோபேரின் வக்கீல் ஜூல் செனார். 1848 புரட்சிக்குப் பின் தேசிய அவைக்குத் தலைமை வகித்தவர், ரூவானிலிருந்து வந்தவர், பெரிய புள்ளி. மணிக்கணக்கில் பேசினார். ஃப்ளோபேர் கௌரவமான மருத்துவர் குடும்பம், நாவல் தீமையின் கோரத்தைக் காட்டி நல்வழிக்குத் திருப்புகிறது, கடைசியில் அவள் எப்படிச் செத்தாள் பாருங்கள் என்றார். வாதம் ஜெயித்தது. ஆனால் எழுத்தாளருக்கு அது எவ்வளவு பொருந்தாத வாதம்! நீதிக்கதை எழுதக் கூடாது என்று ஐந்து வருடம் மல்லுக்கட்டியவரை நீதிக்கதைக்காரர் என்று சொல்லிக் காப்பாற்றினார்கள். ஃப்ளோபேர் நன்றி மறக்கவில்லை. புத்தகத்தின் முன்பக்கத்தில் செனாருக்கு ஒரு சமர்ப்பணம் இருக்கிறது.

பிப்ரவரி 7 அன்று தீர்ப்பு: விடுதலை. கூடவே ஒரு திட்டும் இருந்தது. அழகையும் நன்மையையும் மறுக்கிற இந்த யதார்த்தவாதம் கண்டனத்துக்கு உரியது, இருந்தாலும் குற்றம் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆளை விட்டுவிட்டு அவர் எழுதிய பாணியைத் தண்டித்த மாதிரி.

அரசியலும் உண்டு, அதை ஒரு வரியிலாவது சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக்கு அந்தப் பத்திரிகை பிடிக்காத பத்திரிகை. தன்னை ஒரு சாக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் ஃப்ளோபேர் நம்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பினார் கவிஞர் போத்லேரைக் கூண்டில் ஏற்றினார். அவருக்கு அதிர்ஷ்டம் இல்லை. 300 ஃப்ராங்க் அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தீர்ப்பு 1949இல்தான் ரத்தானது.

ஃப்ளோபேரின் நாவல் ஏப்ரலில் மிஷேல் லெவி பதிப்பகத்தில் புத்தகமாக வந்தது. ஐந்து ஆண்டு உரிமைக்கு 800 ஃப்ராங்க். வழக்கு செய்த விளம்பரத்தில் நன்றாக விற்றது, லாபம் பதிப்பாளருக்கு.

இனி விமர்சகர்கள். அக்காலத்தின் முதன்மை விமர்சகர் சேன்த்-பவ் மே மாதம் எழுதினார்: டாக்டர்களின் மகனும் தம்பியுமான இவர், மற்றவர்கள் அறுவைக் கத்தி பிடிப்பதுபோல் பேனா பிடிக்கிறார். பாராட்டுத்தான். ஆனால் அவருக்கும் ஒரு குறை: புத்தகத்தில் நல்லதே இல்லையே, ஆறுதலுக்கு ஒரு நல்ல மனிதர் வேண்டாமா? பினார் கோர்ட்டில் கேட்டதையே இவர் மரியாதையாகக் கேட்கிறார். நாவலின் கடைசி வரியில் ஊரிலேயே வெத்துவேட்டான ஓமேக்கு அரசாங்கப் பதக்கம் கிடைக்கிறது. அந்த வரியும் ஒரு கருத்தும் சொல்லாமல்தான் நிற்கிறது.

அக்டோபரில் போத்லேர் எழுதினார். தண்டனை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. படைப்பு உண்மையாக இருந்தால் அதற்குள் ஒரு வழக்கறிஞர் தேவையில்லை, முடிவை எடுப்பது வாசகரின் வேலை என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால் செனார் செய்திருக்க வேண்டிய வாதம் இதுதான். செய்திருந்தால் வழக்கு தோற்றிருக்கும்.

1864இல் கத்தோலிக்கத் திருச்சபை நாவலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 1886இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் எலனார் மார்க்ஸ், கார்ல் மார்க்ஸின் மகள். மறு ஆண்டு ஆங்கில விமர்சகர் மேத்யூ ஆர்னால்டு, தல்ஸ்தோயின் 'அன்னா கரேனினா' நாவலோடு ஒப்பிட்டு, இது உணர்ச்சி கல்லாகிப்போன புத்தகம் என்றார். 1902இல் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ், எழுத்தைக் கும்பிட்டுவிட்டு, ஆனால் எம்மா இவ்வளவு பெரிய கலைக்குத் தாங்காத சின்ன ஆள் என்று குறைபட்டார். ஒழுக்கம் பற்றிய புகார் மெல்ல மங்கி, மனசு எங்கே, ஈரம் எங்கே என்ற புகாராக மாறியதைப் பார்க்கலாம்.

பிறகு திடீரென்று இலக்கணமே பேசுபொருளாகிறது. 1920இல் பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்த் ஒரு கட்டுரையில், ஜெர்மன் தத்துவவாதி காண்ட் தத்துவத்தில் செய்ததற்கு ஈடானதை ஃப்ளோபேர் வினைச்சொற்களையும் பிரதிப்பெயர்களையும் கொண்டு செய்தார் என்கிற அளவுக்குப் போனார். மேலே சொன்ன அந்த நீடிக்கிற இறந்தகாலத்தைத்தான் அவர் கொண்டாடினார்.

எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டியவர் இலக்கியக் கோட்பாட்டாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967இல் ஆற்றிய உரையில் இந்த வழக்கை உதாரணமாக எடுத்தார். ஒவ்வொரு காலத்து வாசகருக்கும் ஓர் எதிர்பார்ப்பு எல்லை இருக்கிறது என்றார். தொடுவானம் மாதிரி, அதற்கு உட்பட்டதுதான் கண்ணுக்குத் தெரியும். கல்யாணப் பந்தலில் போய் உட்கார்ந்தால் இலை, உப்பு, ஊறுகாய் என்று வரிசை நமக்கே தெரியுமல்லவா, அப்படி நாவலில் என்ன வரும் என்று வாசகருக்கு ஒரு வரிசை தெரியும். தப்பு செய்தவளைக் கதை சொல்கிறவர் எங்காவது கண்டிப்பார் என்பது அன்றைய வரிசை. ஃப்ளோபேர் அந்தக் கண்டனத்தைப் பரிமாறவே இல்லை.

யாவ்ஸ் இன்னொரு நாவலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஃப்ளோபேரின் நண்பர் எர்னெஸ்ட் ஃபெய்தோ எழுதி 1858இல் வந்த 'ஃபானி'. அதுவும் கள்ளக்காதல்தான். இன்னும் துணிச்சலான காட்சிகள்கூட உண்டு. ஆனால் காதலனே உட்கார்ந்து நெஞ்சுருகிச் சொல்கிற பழகிய பாணி. யார் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் வாசகருக்கு ஒரு நிமிடமும் வராது. ஓராண்டில் 13 பதிப்புகள் போயிற்று. இன்றைக்கு அந்தப் பெயர் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் யாவ்ஸைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்தான்.

நாவலை நீங்களே எடுத்தால், ஒரு சின்ன விளையாட்டு விளையாடிப் பாருங்கள். சந்தேகம் வருகிற வாக்கியத்தின் கடைசியில் 'என்று நினைத்தாள்' என்பதைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அது எம்மா. அப்புறம் அதையே எடுத்துவிட்டுப் படியுங்கள். எடுத்ததும் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று கவனியுங்கள். எனக்குச் சில இடங்களில் இரண்டு முறையும் பொருந்துகிறது. அப்படிப்பட்ட இடங்களில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்; வருடங்கள் கழித்துப் பார்த்தாலும் தீர்ந்தபாடில்லை.

கடைசியாக ஒரு காட்சி. ரூவானில் லெயோனும் எம்மாவும் ஒரு குதிரைவண்டியில் ஏறுகிறார்கள். திரைகள் மூடியிருக்கின்றன. வண்டி ஊர் முழுக்கச் சுற்றுகிறது: துறைமுகம், பாலங்கள், கல்லறைத் தோட்டம், மறுபடி துறைமுகம். நின்றால் உள்ளேயிருந்து 'போ!' என்று ஒரு குரல் கத்துகிறது. நடுப்பகலில் ஒரு வெறுங்கை வெளியே நீண்டு கிழித்த காகிதத் துண்டுகளை எறிகிறது. அவை வெள்ளைப் பட்டாம்பூச்சிகள்போலப் பறந்து சிவப்புப் பூ பூத்த புல்வயலில் விழுகின்றன. ஆறு மணிக்கு முகத்திரை அணிந்த ஒரு பெண் இறங்கிப் போகிறாள். பத்திரிகைக்காரர்கள் பயந்து வெட்டிய காட்சி இதுதான். விசாரணையில் பினார்கூட, பத்திரிகை வண்டியின் திரையை இறக்கிவிட்டது, ஆனால் அறைக்குள் நம்மைப் போகவிட்டதே என்று கிண்டலடித்தார்.

அந்தக் காட்சி முழுவதும் எம்மாவின் மனதுக்குள் ஃப்ளோபேர் ஒரு தடவைகூடப் போவதில்லை. ஒரே ஒருவர் மனதுக்குள் போகிறார். வண்டிக்காரர். தாகம், களைப்பு, கிட்டத்தட்ட அழுகையே வந்துவிட்டது அவருக்கு. வழியில் தென்படுகிற சாராயக் கடைகளை ஏக்கத்தோடு பார்க்கிறார். நிற்கவே மாட்டேன் என்கிற இந்த ஆட்களுக்கு இப்படி ஓடிக்கொண்டே இருக்க என்ன வெறி என்று அவருக்கு விளங்கவேயில்லை.